பச்சை டூரரின் ஹேண்டில்

கோழி அடைக்கும் கூண்டாகக் காரை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர், அதே காரை ‘எங்கள் பாரம்பரியம்’ என்று பேசுவதைக் கேட்கும் பாக்கியம் பூமாலைக்கு அன்று காலை ஒன்பது மணிக்கே கிடைத்தது.

பேசியவர் நடராசன். முகையூர்ப் பக்கம் பெரிய நிலபுலன், நாற்பத்தைந்து வயது, பிப்ரவரி வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டு ஸ்கார்ப். வேட்டைக்குப் புறப்பட்ட துரை என்று அவருக்கு நினைப்பு. முகையூரில் வேட்டையாட எலியை விட்டால் வேறொன்றும் கிடையாது என்று பூமாலை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்ல முடியாது. மனிதர் கேஸ் கொடுத்த கட்சிக்காரர்.

பூமாலை வேலை பார்ப்பது விருத்தாசலத்திடம். அவர் முன்னாள் பிரேக் இன்ஸ்பெக்டர். தென்னார்க்காடு முழுக்க லாரிகளுக்கு அடியில் படுத்து எழுந்து, மனிதர்களைவிட லாரிகள் குறைவாகப் பொய் சொல்கின்றன என்ற முடிவுக்கு வந்து, வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் ஜங்ஷன் எதிரே ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவர். பூமாலை ரயில்வே கார்டு மகள். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாத ரயில் கிடையாது. மாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம், முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது மட்டும்தான்.

சர்ச்சைக்குரிய கார் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. 1934-ஆம் வருஷத்து கிரெஸ்ட்வெல் ஸ்போர்ட்ஸ் டூரர், இங்கிலாந்தில் செய்தது. கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கித்தான் ஹூட் உண்டு. நீளமான பானெட், அதன் குறுக்கே தோல் பட்டை, கம்பி ஸ்போக் சக்கரங்கள், நாலு பேருக்குச் சிவப்புத் தோல் சீட். அந்தப் பச்சைப் பெயின்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஸ்டேஷனுக்கு வந்த எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

டிசம்பரில் இந்தக் காரின் படம் ஓர் இங்கிலீஷ் பேப்பரில் வந்தது. பன்னிரண்டு வருஷம் உழைத்து அதற்கு உயிர் கொடுத்தவர் என்று பக்கத்தில் திண்டிவனம் மெக்கானிக் தேவசகாயத்தின் படமும் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் பழைய கார்களின் ஊர்வலம். அதில் இது முதல் வரிசை. படம் வந்த அடுத்த மாதமே நடராசனுக்குப் பாரம்பரியம் ஞாபகம் வந்துவிட்டது. இது எங்க அப்பா பெரியதம்பியின் கார், அவர் விற்கவே இல்லை, இந்த ஆள் எங்கள் மாட்டுக் கொட்டாயிலிருந்து திருடிவிட்டான் என்று புகார் கொடுத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் மெட்ராஸ்காரர். இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டு பக்கமும் காகிதம் இல்லை. காரை முதலில் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை கொடுத்த பழைய ரிஜிஸ்ட்ரேஷன் புத்தகத்தை எலி தின்றுவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் உருப்படியாக ஏதாவது சாட்சியம் வந்தால் திருட்டு வழக்குப் பதிவு செய்வேன், தேவசகாயம் நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிற்பார், வண்டி நடராசன் வசம் போகும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த உருப்படியான சாட்சியத்தை முடிச்சுப் போட்டுத் தரத்தான் நடராசன் விருத்தாசலத்தை அமர்த்தியிருந்தார்.

தேவசகாயம் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய ஆள். நகக்கண்ணில் கிரீஸ். விருத்தாசலம் கேட்டதற்கெல்லாம், பஸ் டயத்தைச் சொல்வது போல அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். ஆமாம், பெரியதம்பி ஐயா வண்டிதான். சர்க்கரை ஆலை மேனேஜர் துரை கப்பலில் கொண்டுவந்து, நாற்பத்தேழில் ஊருக்குப் போகும்போது ஐயாவிடம் விற்றது. ஐயா பத்து வருஷம் ஓட்டினார். அப்புறம் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றினார். ஆக்ஸில் உடைந்தது. வண்டி மாட்டுக் கொட்டாய்க்குப் போயிற்று, கோழி குடியேறிற்று. எழுபத்துநாலில் தான் அதை விலைக்கு வாங்கியதாகச் சொன்னார்.

வாங்கியபோது அதில் கார் என்று சொல்ல அதிகம் இல்லை. பாடிக்குள்ளே இருக்கும் மரச்சட்டம் முழுவதையும் கரையான் அரித்திருந்தது. இங்கிலாந்து மரத்துக்கு எங்கே போவது? மாட்டு வண்டித் தச்சர் ஒருவரைப் பிடித்து, வாகை மரத்தில், பழைய சட்டத்தின் தூளை அளவு வைத்து இழைத்திருக்கிறார். தகரத்தை அவரே தட்டியிருக்கிறார். டயல்களைப் புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைகளில் நாலு வருஷம் தேடியிருக்கிறார். பிஸ்டன் கிடைக்கவில்லை. டிராக்டர் பிஸ்டனை வாங்கி லேத்தில் கடைந்து போட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த பூமாலைக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அடுத்து நடந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

நடராசன் தன் அம்பாசிடரிலிருந்து வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்து வந்து திறந்தார். உள்ளே காரை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டில். பிடியில் கம்பெனி முத்திரை. குனிந்து காரின் மூக்கில் செருகினார். அச்சாகப் பொருந்தியது. பிறகு தேவசகாயம் வைத்திருந்த ஹேண்டிலைத் தூக்கிக் காட்டினார். அது கொல்லன் உலையில் அடித்தது. சம்மட்டித் தழும்பு தெரிந்தது.

“எவனாவது ஹேண்டில் இல்லாம காரை விப்பானா, சார்? திருடினவன் அவசரத்துல காரை எடுத்தான். ஹேண்டிலை விட்டுட்டான். அது எங்க வீட்டுலயே இருந்திருக்கு. இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?”

சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். பூமாலைக்கும் வேறு வழி தெரியவில்லை. ஜன்னல் இல்லாமல் வீடு விற்பார்கள், கூரை இல்லாமல் விற்பார்கள். கிளப்பும் ஹேண்டில் இல்லாமல் கார் விற்றவனை அவள் கேள்விப்பட்டதில்லை.

விருத்தாசலம் தேவசகாயத்தைப் பார்த்தார். “அவர் ஏன் ஹேண்டிலைக் கொடுக்கல?”

“குடுக்க மாட்டாருங்க.”

“நீங்க கேக்கலையா?”

“கேக்கக் கூடாதுங்க.” தேவசகாயத்தின் பார்வை நடராசன் மேல் நின்றது. “ஏன்னு அவருக்கே தெரியும். அவரு வாயால சொல்லட்டும். நான் சொன்னா திருடன் சொன்னதா ஆயிடும்.”

நடராசன் ஸ்கார்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. சாட்சி யாராவது உண்டா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, ஐயா செத்துவிட்டார், அன்றைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போன மாட்டுக்காரனும் செத்துவிட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டு தேவசகாயம் வாயை மூடிக்கொண்டார். வீம்பு பிடித்த மனுஷன் என்று பூமாலை நினைத்தாள். நாளைக்கு ஜெயிலுக்குள்ளே உட்கார்ந்து வீம்பு பண்ணட்டும்.

விருத்தாசலம் ஹேண்டிலை வாங்கி, வளைவுக்குள் விரல் நகத்தால் சுரண்டினார். சிவப்பாகவும் மஞ்சளாகவும் என்னவோ உதிர்ந்தது. துரு என்றாள் பூமாலை. துரு மஞ்சளாக வராது என்றார் அவர். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று நடராசனைக் கேட்டார். பத்திரமாக வீட்டில்தான் என்றார் நடராசன். வீட்டில் எங்கே என்று மறுபடி கேட்டதும் அவர் கொஞ்சம் நெளிந்தார். பொங்கலுக்கு முன்னால் கொட்டாய்க்கு வெள்ளை அடித்தபோது ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்களாம்.

“அந்த இடத்தை நான் பார்க்கணும்” என்றார் விருத்தாசலம்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து முகையூர் போகும்வரை அம்பாசிடரில் நடராசன் பேசிக்கொண்டே வந்தார். சின்ன வயசில் அப்பா மடியில் உட்கார்ந்து அந்தக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்ததை மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் வயசு மாறியது. எழுபத்துநாலில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பூமாலை கேட்டாள். மெட்ராஸில் பிசினஸ் என்றார். கிராமத்து வாடையே தனக்கு ஒத்துக்கொள்ளாது, மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் தான் போனதே இல்லை என்பதையும் ஒரு பெருமையாகச் சொன்னார்.

“பாரம்பரியம் அங்கதான சார் இருந்துச்சு, கோழியோட” என்றாள் பூமாலை.

விருத்தாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடராசனுக்கு அது பாராட்டாகத்தான் விழுந்தது போலிருக்கிறது.

வீட்டில் நடராசனின் மனைவி சின்னபொண்ணு மோர் கொண்டுவந்தாள். கையில் சாணி வாசனை, காதில் கனமான கம்மல். அந்த வீட்டில் வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. விருத்தாசலம் மோரைக் குடித்துவிட்டு நேராகக் கொட்டாய்க்குள் போனார். பூமாலை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நடராசன் வாசலோடு நின்றுவிட்டார்.

புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் வரிசையாகப் பதினோரு மர முளைகள். பத்தில் பழைய மாட்டுக் கயிறுகள் தொங்கின. நைந்து கறுத்துப்போனவை. ஒவ்வொன்றின் முடிச்சிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. ஏழாவது முளை காலி. அதில் கயிறு இல்லை. ஆனால் அந்த வெறும் முளையின் தலையிலும் மஞ்சள் தடவி, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு, மற்றவற்றைப் போலவே புதுசாக.

விருத்தாசலம் கட்டுத்தறியைப் பார்த்தார். அங்கே நாலு மாடுதான் நின்றது. நாலும் அதனதன் கயிற்றிலேயே கட்டியிருந்தன. அவர் மறுபடி சுவரைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் சிரித்துப் பூமாலை பார்த்தது அதுதான் முதல் தடவை. வயிற்றுவலியோ என்றுகூட நினைத்தாள்.

“பூமாலை, நாலு மாடு இருக்கிற வீட்டுல இன்னும் பத்து கயிறு எதுக்கு?”

“ஸ்பேரா இருக்கும் சார். ஸ்டெப்னி.”

அவர் அவளைத் தாண்டி நடந்தார். வெளியே வந்து நடராசனிடம், ஹேண்டில் வெகுகாலமாக இந்த வீட்டில்தான் இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி கிடைத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார். நடராசன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இதோ என் ஒய்ஃப் இருக்கிறாள், அவளே சொல்லுவாள் என்றார். சின்னபொண்ணுவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் பூமாலைக்கு விருத்தாசலத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த ஸ்கார்பு மனிதனுக்காக, பன்னிரண்டு வருஷம் ஒரு வண்டியோடு மாரடித்த ஆளை உள்ளே தள்ளப் போகிறார். நாளைக்கே வேலையை விட்டுவிட வேண்டும் என்றுகூட யோசித்தாள்.

ஸ்டேஷனை அடையும்போது மணி நாலரை. சப்-இன்ஸ்பெக்டர் மேஜையில் காகிதத்தோடு தயாராக இருந்தார். பக்கத்தில் ஏட்டு தாண்டவராயன், ரிட்டயராக ஒரு வருஷமே இருக்கும் ஆசாமி, வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தேவசகாயம் சுவரோரம் நின்றார். உள்ளே வந்த சின்னபொண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இவங்களை எதுக்குங்க இங்க கூட்டியாந்தீங்க என்று அவர் அடிக்குரலில் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடராசன் பெட்டியைத் திறந்து ஹேண்டிலை மேஜைமேல் வைத்தார். இது எத்தனை காலமாக நம் வீட்டில் இருக்கிறது, சொல்லு என்று மனைவிக்கு உத்தரவு போட்டார்.

“வண்டி போன நாள்லேர்ந்து இருக்குது” என்றாள் சின்னபொண்ணு.

நடராசன் சப்-இன்ஸ்பெக்டரைப் பெருமையாகப் பார்த்தார். விருத்தாசலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தன் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி என்றார். “எங்க இருந்துச்சும்மா?”

“கொட்டாய்லதாங்க. ஏழாவது முளையில. வித்த மாட்டுக் கயிறுங்க பக்கத்துல.”

ஏட்டு தாண்டவராயன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். அவர் ஹேண்டிலைப் பார்த்தார், நடராசனைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். முதுகு குலுங்கியது. காலையிலிருந்து இதே குலுங்கலை இரண்டாவது ஆளிடம் பார்க்கிறாள் பூமாலை. அவளுக்கு உச்சி மண்டை சூடாகியது.

“என்னய்யா விஷயம்? எனக்கும் சொல்லிட்டு சிரிங்க” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

விருத்தாசலம் சொன்னார். இந்தப் பக்கத்தில் மாட்டை விற்றால் மாட்டை மட்டும்தான் கொடுப்பார்கள். கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறும் போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. விற்றவர் கயிற்றை அவிழ்த்துத் தன் கொட்டாயில் மாட்டி, மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் பொட்டு வைப்பார். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். செத்த மாட்டுக்கோ களவு போன மாட்டுக்கோ அந்தச் சுவரில் இடம் கிடையாது. பெரியதம்பி காரையும் மாடு விற்கிற முறையில் விற்றிருக்கிறார். காருக்கு மூக்கணாங்கயிறு ஏது? முன்னால் செருகி இருந்த ஹேண்டிலைத்தான் அவிழ்க்க முடிந்தது.

“திருட்டுக்குச் சாட்சின்னு இவர் வெல்வெட்டுல வெச்சுக் கொண்டாந்தது, சார், அவங்க அப்பா எழுதாமப் போன விற்பனை ரசீது.”

நடராசன் ஸ்கார்பை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, இதெல்லாம் கட்டுக்கதை, அப்பாவே அங்கே மாட்டினார் என்பதற்கு என்ன அத்தாட்சி, கூலி ஆள் எவனாவது மாட்டியிருக்கலாம் என்று மனைவி பக்கம் திரும்பினார். அவள் வாயை அடக்கத்தான் திரும்பினார்.

சின்னபொண்ணு அவரைப் பார்க்கவே இல்லை. ஏட்டைப் பார்த்துச் சொன்னாள். “எங்க மாமனாரு தன் கையால மாட்டுனாரு. நான்தான் மஞ்ச கொழைச்சுக் குடுத்தேன். இந்த மெக்கானிக்கு உலையில அடிச்ச புது ஹேண்டில் கையில வெச்சிக்கினு வந்தாரு. எங்க மாடுங்களையே பூட்டி வண்டிய ரோடு வரிக்கும் இஸ்துக்கினு போனாங்க. வருசா வருசம் பொங்கலுக்குப் பொட்டு வெக்கிறேன். இந்த வருசம் அத்த எடுத்துட்டாங்க. வெறும் முளைக்கு வெச்சேன்.”

சப்-இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த காகிதத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டார். இந்த அம்மா அன்றைக்கு அங்கே இருந்தது தெரிந்தும் காலையில் ஏன் சொல்லவில்லை என்று தேவசகாயத்தைக் கேட்டார்.

“வூட்டுக்காரரு மேல சாட்சி சொல்ல வான்னு ஒரு பொம்பளையப் போய்க் கூப்புடுறதாங்க?” என்றார் தேவசகாயம்.

பூமாலை தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் அந்த மனுஷனை வீம்பு பிடித்தவர் என்று நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜெயிலுக்குப் போனாலும் போவேன், இதைச் செய்ய மாட்டேன் என்று ஓர் ஆள் நின்றிருக்கிறார். இந்தப் பக்கம் நிற்கிறவருக்கோ தன் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை.

புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுக்காவிட்டால் பொய்ப் புகார் என்று தன்மேலேயே வழக்கு வரும் என்பது நடராசனுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஏட்டு எழுதி வைத்ததில் கையெழுத்துப் போடச் சட்டைப் பையைத் தடவினார். பேனா அம்பாசிடரில் இருந்தது. ஏட்டு தன் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, கட்டைவிரல் மைப் பெட்டியை மரியாதையாக அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். இங்கிலீஷில் கையெழுத்துப் போடும் நடராசன் நீல விரலைத் துடைக்க இடம் தேடி, கடைசியில் ஸ்கார்பில் துடைத்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால்கூடக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். வெளியே காரைக் கண்டதும் அவருக்கு வேறொரு யோசனை வந்தது. ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு தேவசகாயத்திடம் போய், இந்தா, ஒரிஜினல், நானே உனக்கு அன்பளிப்பாகத் தருகிறேன் என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்ட வேண்டும். பெரியதம்பி குடும்பத்தாரின் கார் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்க வேண்டும்.

தேவசகாயம் ஹேண்டிலைக் கையில் வாங்கினார். பிடியிலிருந்த முத்திரையின் மேல் கட்டைவிரல் மெதுவாக ஓடியது. பன்னிரண்டு வருஷமாக இந்த வண்டிக்கென்று ஒவ்வொரு திருகாணியையும் தேடி அலைந்தவர். தேடாமல் விட்டது இது ஒன்றைத்தான். அவருக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது பூமாலைக்குத் தெரிந்தது. வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவளுக்கே வாய்வரை வந்தது.

அவர் நடராசனைத் தாண்டிப் போய்ச் சின்னபொண்ணுவிடம் ஹேண்டிலை நீட்டினார்.

“எடுத்துக்கினு போய் அதே முளையில மாட்டுங்கம்மா. இது வெளிய வந்தா அந்த வூட்டு லட்சுமியும் வந்துடும். இவரு ஒருத்தரை வெச்சிக்கினு அது இல்லாம நீங்க எப்படிப் பொழைப்பீங்க?”

சின்னபொண்ணு முந்தானையால் ஹேண்டிலைச் சுற்றி இடுக்கிக்கொண்டு, சரிங்க என்றாள். தேவசகாயம் உலையில் அடித்த ஹேண்டிலைச் செருகி இரண்டே சுற்றுச் சுற்றினார். கார் கிளம்பியது. டிரைவரிடம் வீட்டுக்குப் போ என்று சின்னபொண்ணு சொல்ல, அம்பாசிடரும் கிளம்பியது. வெல்வெட் பெட்டியோடு நடராசன் அதன் பின்னால் வேகமாக நடந்தார்.